கல்வியாராய்ச்சியில் ஒப்புநோக்கு

நம் கல்லூரி மலரின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றை எளிதிற் காண்பர். சங்கங்கள், கழகங்கள், சேவைக் குழுக்கள் ஆகிய எல்லாவற்றின் ஆண்டறிக்கைகளும் பெரும்பாலும் ஒரே முடிபுடையனவாய் இருக்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருந்தது. யாம் இன்னின்ன செய்தோம். ஆண்டின் இறுதியில் நிலைமை இவ்வளவு உயர்ந்தது. ஆகவே எம் முயற்சி கனிந்தது என்பதே அம்முடிபு. இவ்வறிக்கைகளை எழுதினோர் பொய்யுரைத்தனர் என்று யான் கூற வரவில்லை. முன்னும் பின்னும் அவர்கள் கண்டவை உண்மையே. ஆயினும், அம்முயற்சி நிகழாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் வினாவை அவருள் ஒருவரும் எழுப்பினாரல்லர். அவ்வினா எழாத இடத்தில், கல்வியைப்பற்றி நாம் சொல்லும் எம்முடிபும் ஆற்று மணலில் நாட்டிய பந்தற்கால் போன்றதே என்பது என் கருத்து.

பிறர்மேற் குற்றம் சொல்வதற்குமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு விடுதி மாணாக்கர் சிலர் ஒன்றுகூடி, வெண்ணாற்றங்கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் இரண்டு மாலை வகுப்புகள் நடத்தினோம். ஒன்று கோயில் தெருவில், சபையாருக்குரிய கூடத்தில் நடந்தது. மற்றொன்று வாய்க்காலுக்கு அப்பால், கூலிவேலை செய்வோர் குடியிருக்கும் தெருவில், ஒரு வேப்பமரத்தடியில் நடந்தது. கார்த்திகையில் தொடங்கி மாசி முடிய இரண்டையும் இடைவிடாது நடத்தினோம். இறுதியில் இரு வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரே வாசகத்தையும் ஒரே கணக்குகளையும் கொடுத்துச் சோதித்தோம். கூடத்துப் பிள்ளைகள் மிக நன்றாகச் செய்தனர். மரத்தடிப் பிள்ளைகளிற் பலர் மெய்யெழுத்து அடுத்தடுத்து வருமிடமெல்லாம் தடுக்கி நின்றனர். அறிக்கை எழுதும் பணி, தமிழ் மாணாக்கன் என்னும் காரணத்தால், என்னிடம் வந்தது. முதல் வகுப்புப் பயன் தந்தது என்றும், இரண்டாம் வகுப்பு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்றும், ஓசை நயம் கெடாதபடி இரண்டு வரி எழுதினேன். பணமும் ஆளும் குறைந்து தவித்துக்கொண்டிருந்த எங்கள் குழு, அவ்விரண்டு வரியைச் சான்றாகக் கொண்டு மரத்தடி வகுப்பை நிறுத்திவிட்டது.

நிறுத்திய பின்னரே என் உள்ளம் என்னைக் கடியத் தொடங்கிற்று. கூடத்திற்கு வந்த பிள்ளைகளின் வீடுகளில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் இருந்தனர். மாலையில் உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் இருந்தது. மரத்தடிக்கு வந்தோருட் பலர், தாய் நடவுக்குப் போனால் தம்பி தங்கையரை இடுப்பிற் சுமந்துகொண்டு வந்தவர். அத்தெருச் சிறுமி ஒருத்தி கார்த்திகையில் தன் பெயரின் முதலெழுத்தையும் அறியாள். மாசியில் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறி முடிய வாசித்தாள். எங்கள் அட்டவணையில் அவள் தேறாதார் வரிசையில் நின்றாள். கூடத்தில் முதலிடம் பெற்ற சிறுவனோ, எங்கள் வகுப்புக்கு வருமுன்னரே அப்பத்தியை வாசிக்க வல்லவன். இருவருள் எங்கள் வகுப்பால் மிகுதியும் பெற்றவர் யார்? தொடக்கத்தில் யாரும் எங்கே நின்றார் என்று நாங்கள் குறித்து வைக்கவில்லை. ஒப்பிடவே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஒப்பிட்டோம். ஒவ்வாத இரண்டை ஒப்பிட்டோம். ஒப்பிடாமை ஒரு குற்றமெனின், ஒவ்வாதவற்றை ஒப்பிட்டுத் துணிதல் அதனினும் பெருங்குற்றம். ஏனெனில், அதற்கு ஆராய்ச்சியின் தோற்றம் வந்துவிடுகிறது. அத்தோற்றத்தைக் கண்டே எங்கள் குழுவினர் மறுத்துப் பேசாதிருந்தனர்.

முன்னும் பின்னும் மட்டும் நோக்கும் முறை நம் காவிரி நாட்டில் எவ்வளவு வஞ்சிக்கும் என்பதை வயலறிந்தோர் எளிதில் உணர்வர். இந்நாட்டுப் பள்ளிகளின் வருகைப் பதிவேடு ஆசிரியரின் திறமையை மட்டும் காட்டுவதன்று. குறுவையையும் சம்பாவையும் தாளடியையும் காட்டுவது. ஐப்பசி கார்த்திகைகளில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வாய்க்கால் உடைந்து வழி மறைகிறது. பள்ளிகள் விடுமுறை விடுகின்றன. நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் மூத்த பிள்ளைகள் வீட்டைக் காக்கின்றனர். தையில் அறுவடை முடிந்து, கையிற் சிறிது காசும் வீட்டில் நெல்லும் வந்தபின், மாசி பங்குனியில் பள்ளி நிறைகிறது. ஆகவே, கார்த்திகையிற் கணக்கெடுத்து மாசியில் மறுகணக்கு எடுப்பவர் எந்தப் புதுமுறையைப் புகுத்தினாலும் வெற்றியே காண்பர். ஒன்றும் செய்யாது திண்ணையில் அமர்ந்திருந்தாலும் அதே வெற்றியைக் காண்பர். பங்குனியிற் கணக்கெடுத்துக் கார்த்திகையில் மறுகணக்கு எடுப்பவரோ, எத்துணை நல்ல முறையைக் கையாண்டாலும் தோல்வியே காண்பர். மழை செய்ததை நாம் செய்ததாகவும், அறுவடை தந்ததை வகுப்புத் தந்ததாகவும் எழுதிவிடுதல் எளிது. எங்கள் வகுப்பும் கார்த்திகை முதல் மாசி வரை நடந்ததே என்பதை வாசகர் மறந்திரார்.

இன்னொரு வஞ்சமும் உண்டு. அது மழையினும் நுண்ணியது. ஒரு பரீட்சையில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றோரையே பொறுக்கியெடுத்துத் தனிவகுப்பு வைப்பது எங்கும் வழக்கம். அவருள் சிலர் உண்மையிலேயே பின்தங்கியவர். வேறு சிலரோ அன்று காய்ச்சலோடு வந்தவர், அல்லது முதல்நாள் இரவு வீட்டிற் சண்டை நடந்தபடியால் உறங்காதவர். அடுத்த பரீட்சையில் காய்ச்சல் இராது, உறக்கமும் இருக்கும், மதிப்பெண் தானே ஏறும். தனிவகுப்பு ஆசிரியர் அவ்வேற்றத்தைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் கண்ணுக்கு முன்னே பிள்ளை முன்னேறிவிட்டதன்றோ!

கல்விச் சோதனை என்னும் சொல்லோடு நம் சென்னை நாட்டுக்குப் பழைய தொடர்பு உண்டு. ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுக் குருவானவர் 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதைச்சாலைக்கு மேலாளராய் அமர்ந்தார். நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை ஒருநாள் கண்டார். தம் சாலையிலும் அவ்வாறே செய்விக்க விரும்பினார். ஆனால் துணையாசிரியர் உடன்படவில்லை. அவர் சளைக்கவில்லை, எட்டு வயதளவினனான ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனிடமே கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் ஆசிரியரால் ஆகாததைச் செய்து காட்டினான். பின்னர் மேல்வகுப்புகளும் மாணாக்கர் வழியாகவே நடத்தப்பட்டன. 1796-இல் தாய்நாடு திரும்பிய பெல், 1797-இல் இலண்டனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். கல்வியில் ஒரு சோதனை என்பதே அந்நூலின் பெயர். அது சென்னை முறை எனப் பேர்பெற்றுப் பிரித்தானியாவின் ஏழைப்பிள்ளைகளின் பள்ளிகளிற் பரவிற்று. ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளியொன்று இன்றும் மதராஸ் காலேஜ் என்றே வழங்குகிறது. நம் திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளை கடல் கடந்து பெற்ற புகழ் இது; எனினும், அவனுடைய பிரம்பை அறிந்த நம் பாட்டனார் இப்புகழைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பர்.

பெல் செய்தது அரிய செயலே. அவர் தந்த பெயருக்கு அது தகுதியுடையதா என்பதே என் ஐயம். அக்கீழ்வகுப்பில் ஒரே சமயத்தில் மூன்று மாறின: பலகைக்குப் பதில் மணல் வந்தது, மனமில்லாத ஆசிரியருக்குப் பதில் ஆர்வமுள்ள சிறுவன் வந்தான், மேலாளரின் கண்ணும் அவ்வகுப்பின்மேலேயே பதிந்திருந்தது. பிள்ளைகள் கற்றது மணலாலா, சட்டாம்பிள்ளையாலா, மேலாளரின் நோக்காலா? இம்மூன்றில் ஒன்றுமட்டும் மாறிய வேறொரு வகுப்பைப் பக்கத்தில் வைத்திருந்தாலன்றி விடை சொல்ல இயலாது. விடை அறியாமலே ஒரு தேசம் அதனைக் கைக்கொண்டது. கைக்கொண்ட பலர், ஆசிரியர் சம்பளம் மிச்சமாகும் என்னும் ஒன்றையே அதன் தெளிவான பயனாகக் கண்டனர்.

அவ்வாறாயின், செம்மையான ஒப்பு எவ்வாறிருத்தல் வேண்டும்? இதற்கு மேனாட்டு நூல்களைத் தேடிப் போகுமுன் தமிழ் அணியிலக்கணத்தை நோக்குவது தமிழ் மாணாக்கனுக்கு இயல்பு. தண்டியலங்காரத்தில் வேற்றுமையணி என்று ஓர் அணி கூறப்படுகிறது. இரு பொருள்களை எடுத்து, முதலில் அவற்றின் ஒற்றுமையைக் கூறி, அதன்பின் அவற்றிடையே ஒரு வேற்றுமையைக் காட்டுவது அது. ஒற்றுமையை முன்னர் நிலைநாட்டாமல் வேற்றுமையை மட்டும் சொன்னால் அங்கே அணியில்லை; மலைக்கும் மடுவுக்கும் வேற்றுமை சொல்வதில் வியப்பென்ன? கல்வியாராய்ச்சியிற் சொல்லப்படும் ஒப்பீட்டுக் குழுவும் இவ்வணியே. இரண்டு வகுப்பும் வயதால், வீட்டுநிலையால், தொடக்க அறிவால், பருவத்தால் ஒத்திருக்கின்றன என்று முதலிற் காட்டல் வேண்டும். புதிய முறை ஒன்றால் மட்டும் வேறுபடுகின்றன என்று பின்னர்க் காட்டல் வேண்டும். அதன்பின் விளைவில் தோன்றும் வேற்றுமையே அம்முறைக்கு உரியது.

திருமறை பயின்றோர் தானியேல் ஆகமத்தின் முதலதிகாரத்தை இங்கே நினைப்பர். பாபிலோன் அரண்மனையில் தானியேலும் தோழர் மூவரும் 10 நாள் மரக்கறியும் தண்ணீரும் உண்டனர்; ராஜபோஜனம் உண்ட மற்ற வாலிபரோடு முகம் ஒப்பிட்டு முடிவு காணும்படி தாமே வேண்டினர். நாள் வரையறுக்கப்பட்டது, ஒப்பிடுதற்கு உரியோர் முன்னதாகவே குறிக்கப்பட்டனர், நோக்கி முடிவு சொல்வோன் வேறொருவன். இவ்வளவு ஒழுங்கு நம் ஆண்டறிக்கைகளில் இல்லை. எனினும் ஒரு குறை சொல்லலாம்: மரக்கறி உண்போரைச் சீட்டுப் போட்டு எடுக்கவில்லை, மனவுறுதி மிக்க நால்வர் தாமே முன்வந்தனர். இதனினும் நுட்பமுடையவன் கிதியோன். முதலிரவு தோலில் மட்டும் பனி பெய்து நிலம் காய்ந்திருக்கக் கண்டும் அவன் அமைதி கொள்ளவில்லை. மயிர்த்தோல் இயல்பாகவே பனியை ஈர்க்குமன்றோ என்று அவன் ஐயுற்றனன் போலும். மறுநாள் இரவு தோல் காயவும் நிலம் நனையவும் வேண்டினான். முறையை மாற்றி வைத்து மீண்டும் சோதித்தல் என்று இக்காலத்தார் சொல்வது அதுவே. விசுவாசக் குறைவு என்று பிரசங்கிகள் அவனைக் கண்டிப்பதுண்டு. ஆராய்ச்சியாளர் அவனைச் சற்று மன்னிப்பர்.

சீட்டுப் போட்டுக் குழுக்களைப் பிரிக்கும் முறையை வயலாராய்ச்சிக்கு வகுத்துத் தந்தவர் ரொனால்டு பிஷர் என்னும் ஆங்கிலேயர். 1919-இல் ரோதம்ஸ்டெட் வேளாண்மை நிலையத்திற் சேர்ந்த அவர், எந்தப் பாத்தியில் எந்த உரம் என்பதை ஆராய்பவன் விருப்பத்திற்கு விடாது திருவுளச்சீட்டுக்கு விட்டார். நம் ஆடுதுறையில் 1922-இல் நெல்லாராய்ச்சி நிலையம் தோன்றிற்று. புது நெல் ஒன்றைச் சோதிப்போர் அதனைத் தனியே நட்டு விளைவை அளந்து மகிழ்வதில்லை. பழைய நெல்லையும் பக்கத்துப் பாத்தியிலே, அதே நீரும் அதே எருவும் இட்டு, ஒரே நாளில் நட்டு, இரண்டையும் ஒருங்கே அறுத்து எடை போடுகின்றனர். நெற்பயிருக்குச் செய்யும் இந்நீதியைப் பிள்ளைகளுக்குச் செய்ய நாம் தயங்குகிறோம்.

பிள்ளைகள் பாத்திகளல்லர் என்பது மெய்யே. அவர்களைச் சீட்டின்படி பள்ளி மாற்றி அமர்த்தல் பெரும்பாலும் இயலாது. இவ்விடர்ப்பாட்டை நன்குணர்ந்தே டானல்டு காம்பெல், ஜூலியன் ஸ்டான்லி என்னும் அமெரிக்கர் இருவர் 1963-இல் ஒரு நீண்ட ஆராய்ச்சியை வெளியிட்டனர். சீட்டுக்கு இடமில்லாத விடத்து, ஏற்கெனவே அமைந்துள்ள வகுப்புகளையும் பள்ளிகளையும் கொண்டே இயன்றவரை நேர்மையான ஒப்பு எவ்வாறு செய்யலாம் என்று அவர்கள் வகுத்துக் காட்டினர். சோதனை என்று முழுவதும் சொல்லத்தகாது, சோதனையை ஒத்த ஆராய்ச்சி என்றே சொல்லத்தகும் இம்முறைகள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. அவற்றுட் பெருவழக்கானது இது: ஒத்த இரண்டு குழுக்களை எடுத்து, இரண்டையும் தொடக்கத்திலும் சோதித்து இறுதியிலும் சோதித்தல். எங்கள் மாலை வகுப்பிற்கு இதிற் பாதி செய்திருந்தாலும் போதும். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை அது.

ஒத்த குழு என்று எளிதிற் சொல்லிவிட்டேன். அதனைத் தெரிவதே கடினம். இதற்கும் தஞ்சையிலேயே சான்று உண்டு. 1960-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் தீவிர வேளாண்மைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, முதற்கண் ஏழு ஜில்லாக்களைத் தெரிந்தெடுத்தனர். அவற்றுள் தஞ்சையும் ஒன்று. நிலையான நீர்ப்பாசனம் உள்ள இடமே திட்டத்திற்கு ஏற்றது என்று கருதி எடுத்தனர்; உழவர்க்கு அது நன்மையே. ஆனால், அத்திட்டத்தின் பயனை அறிய விரும்பும் ஒருவன் தஞ்சையின் விளைச்சலை இராமநாதபுரத்து மானாவாரி நிலத்தோடு ஒப்பிட்டால் என் சொல்வது? அவன் அளப்பது திட்டத்தையன்று, காவிரியை. தஞ்சைக்குள்ளேயும் இவ்வேற்றுமை உண்டு. தலைமடையும் கடைமடையும் ஒன்றல்ல. மேட்டூர் அணை முடிந்த 1934-ஆம் ஆண்டை ஒட்டிக் கல்லணைக் கால்வாயால் நீர் பெற்ற பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புதுப்பாசன நிலமும், பன்னூறாண்டுப் பழமையுடைய பாசன நிலமும் ஒன்றல்ல. கடைமடை ஊரிலுள்ள பள்ளியைத் தலைமடைப் பள்ளியோடு ஒப்பிட்டு, அங்குள்ள ஆசிரியர் சோம்பர் என்று தீர்ப்பளிப்போர் இன்றும் உளர்.

இனி, செம்மையாகச் செய்யப்பட்ட ஒன்றைக் காட்டுகிறேன். கொரோனா நோயால் 2020 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட நம் பள்ளிகளின் கீழ்வகுப்புகள் 2021 நவம்பரில் திறக்கப்பட்டன. அவ்விடைக்காலத்தில் பிள்ளைகள் இழந்தது எவ்வளவு? அபிஜீத் சிங், மொரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் என்னும் மூவர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலுள்ள ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். பள்ளி மூடாத தமிழ்நாடு ஒன்று எங்கும் இல்லை. ஆகவே பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு குழு இல்லை. அவர்கள் கண்ட வழி யாதெனின், நோய் வருமுன் 2019-இல் சோதிக்கப்பட்ட பிள்ளைகளை எடுத்து, அதே கிராமங்களில், அதே வயதுடைய பிள்ளைகளை 2021 டிசம்பரில் சோதித்து, அவரோடு இவரை ஒப்பிடுதல். ஊர் ஒன்று, வயது ஒன்று, காலம் ஒன்றே வேறு. வேற்றுமையணிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யான் கண்டதில்லை.

அவர்கள் கண்ட குறைவு கணக்கில் 0.73 திட்ட விலக்கம், மொழியில் 0.34. இவ்வெண்களைக் கண்டு மருள வேண்டா. 2019-இல் 100 பிள்ளைகளை அறிவு வரிசையில் நிறுத்தி நடுவில் நின்ற ஒருவனை எண்ணுக. 2021-இல் அவனைப் போன்றவன், அதே வரிசையில், கணக்கில் கீழிருந்து ஏறத்தாழ 23-ஆம் இடத்திலும், மொழியில் 37-ஆம் இடத்திலும் நிற்பான் என்பதே பொருள். இதிலும் ஒரு குறையுண்டு: அவ்விரண்டாண்டில் பள்ளி மட்டுமா மூடிற்று? வேலையும் போயிற்று, வீடுதோறும் அச்சமும் துக்கமும் புகுந்தன. ஆகையால் அவ்வெண் அக்காலம் முழுவதன் தீமையைக் காட்டுவது; பூட்டிய கதவின் தீமையை மட்டும் காட்டுவதன்று. அளவை நேர்மையானது என்று சொல்லும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுதல் முறை.

பள்ளி திறந்து ஆறு மாதத்திற்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்பொழுது நம் அரசினர் இல்லம் தேடிக் கல்வி என்னும் மாலை வகுப்புத் திட்டத்தை நடத்தினர். 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட அதில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர் தத்தம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் கற்பித்தனர். எங்களைப் போன்று ஆண்டறிக்கை எழுதுவோரிடம் இது கிடைத்திருந்தால், மீண்டது முழுவதும் மாலை வகுப்பாலேயே மீண்டது என்று எழுதியிருப்போம். அம்மூவர் அவ்வாறு எழுதவில்லை. வகுப்புக்கு வந்தோரையும் வாராதோரையும், அவர்கள் முன்னர்ப் பெற்றிருந்த மதிப்பெண்ணையும் கணக்கிற் கொண்டு ஒப்பிட்டனர். மீட்சியில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கே அத்திட்டத்திற்கு உரியது என்று கண்டனர். எஞ்சியதில் பெரும்பங்கு, பள்ளி திறந்ததனாலேயே வந்தது என்று கருத இடமுண்டு. 24 என்பது சிறிதென்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கோ இது பெரிதும் மகிழ்ச்சி தருகிறது. நூற்றுக்கு நூறு என்று சொல்லியிருந்தால் அதனை யாரும் நம்பியிரார். 24 என்பதை நம்பலாம். நம்பி அதற்குப் பணமும் கேட்கலாம்.

எல்லாத் திட்டங்களுக்கும் இவ்வாய்ப்புக் கிடைப்பதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முதலில் நடந்த செயல்வழிக் கற்றல் முறை, 2007-ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டு அரசினர் தொடக்கப்பள்ளி அனைத்திலும் ஒருங்கே புகுத்தப்பட்டது. அனைத்திலும் புகுந்தபின் ஒப்பிடுதற்கு எஞ்சிய அரசினர் பள்ளி ஏது? ஆர்வமிகுதியால் நேர்ந்த குறை இது. காலை உணவுத் திட்டமோ படிப்படியாக வந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் 1,545 பள்ளிகளுக்கெனத் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் நம் காவிரி நாட்டுத் திருக்குவளையில் அரசினர் தொடக்கப்பள்ளி அனைத்திற்கும் விரிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய ஓராண்டில், உணவு பெற்ற பள்ளியும் பெறாத பள்ளியும் ஒரே மழையில் நனைந்து ஒரே பரீட்சையை எழுதின. ஆயினும் முதற்படிப் பள்ளிகள் சீட்டால் எடுக்கப்பட்டனவல்ல. அவற்றுள் 237 பள்ளிகள் மலைப்பகுதிகளிலும் தொலைவான இடங்களிலும் உள்ளவை. அவற்றை ஒப்பிட வேண்டுவோர், அப்பொழுது உணவு பெறாத வேறு மலைப்பள்ளிகளையே தேடிப்போக வேண்டும். தஞ்சை நகரத்துப் பள்ளியைக் காட்டுதல் ஆகாது. அம்முதற்படியில் ஒரு பகுதியையேனும் சீட்டுப் போட்டுத் தெரிந்திருந்தால் இவ்விடர்ப்பாடு இராது.

சீட்டு என்றவுடன் நல்லோர் பலர் வெகுள்கின்றனர். பசித்த பிள்ளைக்கு உணவு தருவதையும், எழுத்தறியாப் பிள்ளைக்கு எழுத்துத் தருவதையும் சீட்டுக்கு விடுவதா, ஒப்பிடுவதற்காக ஒரு கூட்டத்தைப் பட்டினி போடுவதா என்பர். இவ்வெகுளியை யான் இகழேன். பிள்ளைகள்மேல் அன்பில்லாதோர்க்கு இது வாராது. பசிக்கு உணவு நல்லதா என்று அறியச் சோதனை வேண்டா. அதை ஐயுறுவோன் மூடன். எல்லோர்க்கும் ஒருங்கே தரும் ஆற்றல் நமக்கு இருக்குமாயின் தந்துவிடுவதே அறம். ஆனால் பெரும்பாலும் அவ்வாற்றல் இல்லை. முதலாண்டில் சிலர்க்கே தர முடிகிறது. அச்சிலர் யார் என்பதை எவரேனும் ஒருவர் தீர்மானிக்கத்தான் செய்கின்றனர். தெரிந்தவர் ஊர், சாலையோர ஊர், பரிந்துரை பெற்ற ஊர் என்று தீர்மானிப்பதினும், தகுதியுடைய ஊர்களின் பெயரை எழுதிக் குடத்தில் இட்டு எடுப்பது கொடிதாகுமா? சோழர் காலத்து உத்தரமேரூரில், முதற் பராந்தகன் கல்வெட்டுச் சொல்கிறபடி, வாரியப் பெருமக்களை அவ்வாறே தெரிந்தனர். 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் உள்ளோர், நிலமும் கல்வியும் உள்ளோர் என்று தகுதியை முதலில் வரையறுத்து, அதன்பின்னரே ஓலையைக் குடத்தில் இட்டனர். அப்போஸ்தலரும், யூதாசின் இடத்திற்குத் தகுதியுடைய இருவரை நிறுத்தியபின் சீட்டுப் போட்டே மத்தியாவைத் தெரிந்துகொண்டனர். தகுதியில் ஒத்தோரிடையே போடும் சீட்டு எவர்க்கும் அவமதிப்பன்று. பின்னால் பெறுவோர் இழப்பதும் சில மாதமே. முறைப்பாசனத்தில் காத்திருக்கும் வயலைப்போல.

பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்கலாகாது என்பாரும் உளர். அவரை ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் புதுப் பாடநூலோ, புதுக் கற்பிக்கும் முறையோ, புதுப் பரீட்சைத் திட்டமோ வருகிறதே, அது எதன்மேற் செய்யப்படுகிறது? அதே பிள்ளைகள்மேலன்றோ? முடிவை மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை. எங்கள் மரத்தடி வகுப்பை யான் நிறுத்தச் செய்ததும் அப்பிள்ளைகள்மேற் செய்த சோதனையே. அதன் விளைவை அவர்களே அனுபவிக்கின்றனர். யானோ இங்கிருந்து கட்டுரை எழுதுகிறேன்.

இக்கல்லூரியிற் பயில்வோரிற் பலர் நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர். முன்னை மாணாக்கரிற் பலர் பள்ளிகளை நடத்துகிறவர். அவரிடம் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டவில்லை. எதனைத் தொடங்குமுன்னும் ஒருமுறை அளந்து குறித்து வைக்க. அதே பருவத்தில், அதே நீர்ப்பாய்ச்சலில், அதே வகைக் குடும்பங்களை உடைய வேறொரு வகுப்பையோ ஊரையோ தேடி, அதனையும் அளந்து வைக்க. கிடைத்த முடிபு தம் விருப்பத்திற்கு மாறாக இருந்தாலும் மலரில் அச்சிடுக. மூன்றாவதே கடினம் என்பதை யான் அறிவேன்.

எங்கள் குழுவின் சென்ற கூட்டத்தில் என் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மரத்தடி வகுப்பு வரும் ஜூன் மாதத்தில் மீண்டும் தொடங்கும். அதனைச் சீட்டுக்கு விடவில்லை. அது நாங்கள் பட்ட கடன். அவ்வாற்றங்கரையிலேயே கூலிவேலை செய்வோர் வாழும் வேறு இரண்டு ஊர்களில், எங்களால் இயன்றது இவ்வாண்டு ஒன்றிலேயாதலால், எவ்வூரில் முதலில் என்பதைப் பெற்றோர் முன்னிலையிற் சீட்டுப் போட்டுத் தெரிவோம். மற்ற ஊருக்குப் பொங்கலுக்குப்பின் போவோம். மூன்று ஊரிலும் எல்லாப் பிள்ளைகளையும் முதல் நாளிலேயே வாசிக்கக் கேட்டு எழுதி வைப்பதற்கு அட்டவணை கோடிட்டாயிற்று. தட்டுத் தடுமாறி ஒரு பத்தியை வாசித்த அச்சிறுமியின் பெயர் அதில் முதல் வரியில் இருக்கிறது. அவள் பெயருக்கு நேரே முன் என்றும் பின் என்றும் இரண்டு கட்டம் விட்டிருக்கிறோம்.